வேலைநிறுத்த நோட்டீஸுக்கு முந்திய வேலை

(ஆலைக் கிளைச் சங்க நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

சம்பளப் பேச்சு இழுபறியானதும் கேட் கூட்டத்தில் எழும் முதல் குரல் "ஸ்ட்ரைக் எப்போது?" என்பதுதான். நியாயமான கோபம். ஆனால் 2025 நவம்பர் 21இல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின், சட்டப்படி வேலைநிறுத்தம் செய்வதற்கான இடைவெளி மிகவும் குறுகிவிட்டது. நாள் கணக்குத் தெரியாத சங்கம் தன் ஆட்களையே மாட்டிவிடும்.

கணக்கைப் பார்ப்போம். மின்சாரம், குடிநீர், ரயில்வே போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த நோட்டீஸ் கட்டாயம் இன்று எல்லாத் தொழிலகங்களுக்கும் உண்டு. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் முடிவதற்குள் இறங்கக் கூடாது. 60 நாள் தாண்டினால் அந்த நோட்டீஸ் செல்லாது. சரி, பதினைந்தாம் நாள் இறங்கலாமா? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நோட்டீஸ் கிடைத்தபின், இருதரப்பையும் அழைத்துப் பேசும் அரசு அதிகாரியான சமரச அலுவலர் முதல் கூட்டம் நடத்தும் நாளிலேயே சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. அது நடக்கும் காலம் முழுவதும், முடிந்து 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். சமரசம் முறிந்தால், 90 நாளுக்குள் எந்தத் தரப்பும் நேரடியாகத் தொழில் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் போகலாம். அரசு பரிந்துரைத்து அனுப்பட்டும் என்று காத்திருந்த பழைய நிலை போனது நல்லதே. ஆனால் நிர்வாகமும் முந்திக்கொண்டு மனுப் போடலாம். போட்டுவிட்டால் வழக்கு முடியும்வரையும், அதற்குப்பின் 60 நாளும் மறுபடி தடை. பாதிப்பேர் சொல்லிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம்தான். மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

உரிமையைச் சுருக்கும் இந்தச் சட்டத்தை எதிர்த்தே ஆக வேண்டும். சட்டம் மாறாதது அல்ல. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது சங்கத்துக்கென்று எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. 1920இல் பின்னி கம்பெனி உயர்நீதிமன்றம் போய் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது தடையாணையே வாங்கியது. அந்த அநீதி கிளப்பிய எதிர்ப்புதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வரை போனது. அதேசமயம், நாம் எதிர்க்கும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே நின்று வெல்லவும் நமக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஆள் கணக்கு. பல சங்கங்கள் உள்ள ஆலையில், வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரைக் கொண்ட சங்கமே தனித்துப் பேசும் உரிமை பெறும். யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழுவாக அமரும். எனவே சந்தா ரசீதும் உறுப்பினர் பதிவேடும் மாதாமாதம் சரியாக இருக்க வேண்டும். தகராறு வந்தபின் பழைய தேதியிட்டு எழுதுவது எந்தச் சரிபார்ப்பிலும் நிற்காது.

அடுத்தது கோரிக்கைப் பட்டியல். பழைய ஒப்பந்தத்தின் காலம் முடிந்தாலும், அதை முடித்துக்கொள்வதாக 60 நாள் நோட்டீஸ் கொடுக்காதவரை அது நம்மைக் கட்டிக்கொண்டே இருக்கும். பட்டியலில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆளுக்கு மாதம் எவ்வளவு செலவாகும் என்ற தொகையை நாமே போட வேண்டும். கம்பெனியின் ஆண்டறிக்கை, அதே வட்டாரத்தில் அதே தொழில் செய்யும் ஆலைகளின் ஊதிய ஒப்பந்தங்கள், விலைவாசிக் குறியீட்டு எண் மூன்றும் கையில் இருந்தால்தான் "கட்டுப்படியாகாது" என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல முடியும். கேண்டீன் டம்ளர் முதல் போனஸ் வரை நாற்பது கோரிக்கைகளைக் கலந்து கொடுத்தால், நிர்வாகம் சில்லறைக் கோரிக்கைகளை ஒப்புக்கொண்டு "பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன" என்று பதிவு செய்துவிடும்.

கையெழுத்துப் போடும் இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நிர்வாகமும் சங்கமும் தமக்குள் போடும் ஒப்பந்தம், பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணால் நாம் 18(1) என்று அழைப்பது, கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன் போடும் 12(3), சங்கத்தில் சேராதவரையும் நாளை வேலைக்கு வருபவரையும் கட்டுப்படுத்தும். பிரிவு எண்கள் மாறினாலும் இந்த வேறுபாடு புதிய சட்டத்திலும் நீடிக்கிறது. ஆகவே இருதரப்பில் பேசி முடித்தாலும், சமரச அலுவலர் முன் முத்தரப்பு ஒப்பந்தமாகப் பதிவு செய்யுங்கள்.

உள்ளே என்ன எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். சம்பள உயர்வுக்கு ஈடாக உற்பத்தி உயர்வை ஒப்புக்கொள்ளும் பிரிவில், இயந்திரப் பழுது, மின்தடை, மூலப்பொருள் தாமதம் ஆகிய நேரத்தைக் கழித்துத்தான் கணக்கு என்று எழுதாவிட்டால், ஊக்கத்தொகை மாதாமாதம் வெட்டுப்படும். நிலுவைத் தொகை தரும் தேதி, இடையில் ஓய்வு பெற்றவருக்கும் அது உண்டா என்பது, பணியிடை நீக்கங்களை ரத்து செய்வது, இவை வாய்ப்பேச்சில் நின்றால் கையெழுத்தான மறுநாளே மறந்துபோகும்.

தனி ஆளை டிஸ்மிஸ் செய்தால் வேறு வழி. குற்றச்சாட்டுகளை எழுதித் தரும் சார்ஜ் மெமோவை வாங்க மறுப்பதும் உள்விசாரணையைப் புறக்கணிப்பதும் நிர்வாகத்துக்குச் செய்யும் உதவி. விசாரணையை ஒருதலைப்பட்சமாகவே முடித்துவிடுவார்கள். போய் உட்கார்ந்து, ஆவண நகல் கேட்டு, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பணிநீக்கம் வந்தால் சமரச அலுவலரிடம் மனு, 45 நாளில் தீராவிட்டால் நேரே தீர்ப்பாயம். பணிநீக்க நாளிலிருந்து தீர்ப்பாயம் போவதற்கு முன்பு மூன்று ஆண்டாக இருந்த கெடு இப்போது இரண்டு ஆண்டு. மனுவுக்குத் தேதியிட்ட ஒப்புகையை அன்றே வாங்கி, ஒரு நகலைச் சங்கக் கோப்பிலும் ஒன்றைத் தொழிலாளியிடமும் வைத்துவிடுங்கள்.