வைரத்தை வீட்டில் வைத்துப் பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் பாட்டிக்கு வைரத் தோடு வாங்கிய கதையை அம்மா அடிக்கடி சொல்வார். கடைக்காரர் கற்களைக் காகிதப் பொட்டலமாக மடித்துக் கொடுத்துவிட்டாராம். பூஜை அலமாரியில் ஒரு வாரம் வைத்திருந்து, வீட்டில் கெட்டது எதுவும் நடக்கவில்லை என்ற பிறகுதான் பணம் கொடுத்தார்கள். ராசி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்த ஒரு வாரம் கல் நம் கையில் இருந்தது. பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம், தெரிந்த ஆசாரியிடம் காட்டலாம், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இணையத்தில் வைரம் வாங்குகிறவர்கள் முதலில் அந்த நாட்களைத்தான் தேட வேண்டும். எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம், முழுப் பணமும் வருமா, அல்லது வேறு நகைதான் எடுக்க வேண்டுமா? இதைப் பார்த்த பிறகு படத்தைப் பாருங்கள். படத்தில் கடலை அளவு தெரியும் மூக்குத்திக் கல் நேரில் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், எடை சுமார் 3 சென்ட்.

இந்த எடைக் கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். தங்கத்துக்கும் காரட் என்கிறோம், வைரத்துக்கும் காரட் என்கிறோம். தங்கத்தில் அது சுத்தம், வைரத்தில் அது எடை. 1 காரட் என்றால் 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். ஏழுகல் தோடு ஒரு ஜோடிக்கு ‘மொத்தம் 1 காரட்’ என்று போட்டிருந்தால், 14 கல்லும் சேர்ந்துதான் அந்த எடை. ஒரு கல் 7 சென்ட் வரும். ஒற்றைக் கல்லே 1 காரட் இருந்தால் அதன் விலை பல மடங்கு. ஆகவே ஒவ்வொரு கல்லின் எடையையும் கேளுங்கள்.

அப்புறம் சான்றிதழ். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைச் சிலப்பதிகாரமே பெயர் சொல்லிப் பிரிக்கிறது. அதே வேலையைத்தான் இன்று ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகங்கள் 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை வைத்துச் செய்து, குற்றம் மிக மிகச் சிறிதென்றால் விவிஎஸ், மிகச் சிறிதென்றால் விஎஸ், சிறிதென்றால் எஸ்ஐ என்று எழுதித் தருகின்றன. தோட்டுக்கு விவிஎஸ்தான் வேண்டும் என்று அலையத் தேவையில்லை என்பது என் கருத்து. நல்ல விஎஸ் கல்லில் குற்றம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பணத்தைப் பட்டை தீட்டிய தரத்துக்குக் கொடுங்கள், ஒளி அதிலிருந்துதான் வருகிறது. சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்திலேயே போட்டுச் சரிபாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் மகளுக்கு மோதிரம் வாங்கினார். மூன்று மாதம் கழித்துச் சான்றிதழை நிதானமாகப் படித்தபோதுதான் ‘ஆய்வகத்தில் வளர்த்த வைரம்’ என்று இருப்பதைக் கண்டார். அது போலி இல்லை, அதுவும் வைரம்தான். கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் விலை மிகக் குறைவு, திருப்பி விற்கும்போது கிடைப்பதும் சொற்பம். அவர் கொடுத்ததோ சுரங்க வைரத்தின் விலை. அவர் அழுததை என்னால் மறக்க முடியவில்லை. தெரிந்தே வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். தெரியாமல் வாங்காதீர்கள்.

வைர நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் சுத்தத்தைத்தான் சொல்லும், வைரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வைர நகை பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில் வரும், 750 என்று இருக்கும், அதாவது ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். கூடவே உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கக் குறியீட்டை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் பார்க்கலாம். தங்கத்தின் விலையைக் கல் எடை கழித்துத்தான் போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள்.

பார்சல் வந்ததும், பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். மறுநாளே தெரிந்த கடையில் காட்டி எடை போடுங்கள். அதுவரை நகையில் கட்டியிருக்கும் சீட்டை அறுக்காதீர்கள். சீட்டு அறுந்த நகையைப் பல நிறுவனங்கள் திரும்ப எடுப்பதில்லை.