வயதான மறதியா, தலைக்குள் ரத்தமா?

நேயர்களுக்கு வணக்கம். மூளை அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். கட்டி, ரத்தக்குழாய் வீக்கம், தண்டுவடம் என்று எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாத்ரூமில் லேசாக வழுக்குகிறார். அல்லது வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்கிறார். ரத்தம் இல்லை, வாந்தி இல்லை. தைலம் தேய்த்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். தலை பாரமாக இருக்கிறது என்பார். நடையில் தள்ளாட்டம் வரும். ஒரு கால் செருப்பு மட்டும் கழன்று பின்னால் கிடக்கும். கழன்றதே அவருக்குத் தெரியாது. சட்டைப் பட்டன் போட வெகுநேரம் ஆகும். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்பார்கள். பகலெல்லாம் தூங்குவார், பேரன் பெயரை மாற்றிச் சொல்வார். ‘வயசாயிடுச்சு, என்ன பண்றது’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். எனக்குப் பிடிக்காத வாக்கியம் அது.

மூளையைச் சுற்றி டியூரா என்றொரு கெட்டியான உறை இருக்கிறது. வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்கும். அப்போது மூளைக்கும் உறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன இடி போதும், ஒன்று அறுந்து மெதுவாகக் கசியும். அந்த ரத்தத்தைச் சுற்றி உடம்பே ஒரு சவ்வைக் கட்டுகிறது. சவ்வில் முளைக்கும் புதுக் குழாய்கள் பலவீனமானவை, அவையும் கசியும். இப்படி வாரக்கணக்கில் பெருகி மூளையை அழுத்துவதைத்தான் நாங்கள் ‘க்ரானிக் சப்டியூரல்’ என்கிறோம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும், நெடுநாள் குடிப்பவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல்.

‘விழுந்த அன்னைக்கே ஸ்கேன் எடுத்தோமே டாக்டர், ஒண்ணும் இல்லைன்னாங்களே’ என்பார்கள். அன்று சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். கசிவு அதற்குப் பிறகு சேர்ந்தது. புதிதாகத் தொந்தரவு வந்தால் மறுபடியும் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். சில நிமிட வேலைதான் அது.

தலையில் ஆபரேஷன் என்றாலே நம் ஊரில் இருக்கும் பயம் பழையது. 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தியும் இந்தத் துறையைத் தொடங்கியபோது சி.டி. என்ற ஒன்றே கிடையாது. முதல் நோயாளிக்கு அந்த ஸ்கேன் எடுத்ததே 1971-இல், லண்டனில். அதுவரை கழுத்து ரத்தக்குழாயில் மருந்தேற்றி எக்ஸ்ரே எடுத்து, குழாய்கள் விலகியிருக்கும் விதத்தை வைத்துத்தான் கசிவைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். ரத்தத் தேக்கம் சிறிதாக இருந்து தொந்தரவும் இல்லையென்றால் கத்தி வேண்டாம். சில வாரங்களில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். மாத்திரையில் கரைக்க முடியாதா என்று கேட்பார்கள். ஸ்டீராய்டு உதவும் என்று வெகுகாலம் நம்பினோம். 2020-இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், அந்த மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடக் குறைவாகத்தான் தேறினார்கள்.

கை கால் தளர்ந்துவிட்டது, மயக்கம் வருகிறது என்றால் துளை போட்டு வடிக்க வேண்டும். முழு மயக்கமோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியோ, உடல்நிலையைப் பார்த்து முடிவாகும். மண்டை ஓட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒன்றோ இரண்டோ துளைகள். உறையைக் கீறியதும் பழைய எஞ்சின் ஆயில் நிறத்தில் ரத்தம் வெளியே வரும், சிலருக்குப் பீறிட்டே வரும். மூளையை வெட்டும் வேலை இதில் கிடையாது. வெதுவெதுப்பான சலைன் விட்டுத் தெளியும் வரை கழுவி, ஒரு மெல்லிய குழாயை வைத்துத் தைத்துவிடுவோம். குழாய் இரண்டு நாள் இருக்கும். அதைப் பார்த்து உறவினர்கள் பயப்படுவார்கள், ஆனால் அதில் பெரிய பலன் இருக்கிறது. 2009-இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 100-க்கு 24 பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. வைத்தவர்களில் 9 பேருக்குத்தான்.

‘பழைய மாதிரி ஆயிடுவாரா?’ இதுதான் எல்லோரும் கேட்பது. சிலருக்கு அன்று சாயங்காலமே கை தூக்க வரும். சிலருக்கு வாரக்கணக்கில் பிசியோதெரபி தேவைப்படும். முதல் ஓரிரு இரவுகளில் குழப்பமாகப் பேசலாம், குழாயைப் பிடுங்கப் பார்க்கலாம். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது. ஏற்கனவே மறதி நோய் இருந்திருந்தால் அது இந்த ஆபரேஷனால் போகாது. வலிப்பு, கிருமித்தொற்று, புது ரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகள் உண்டு. என் கவலை பெரும்பாலும் தலையைப் பற்றி இருக்காது, படுத்தே கிடப்பதால் வரும் நிமோனியாவைப் பற்றித்தான். அதனால் டாக்டர் சொன்னதும் உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள். ‘பாவம், படுத்திருக்கட்டும்’ என்று விடாதீர்கள். தேக்கம் மறுபடியும் சேரலாம், அப்போது இன்னொரு முறை வடிக்க வேண்டிவரும். தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி, அந்தச் சவ்வுக்கு ரத்தம் தரும் நாளத்தை அடைக்கும் முறையும் இப்போது வந்திருக்கிறது. 2024-இல் வந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் எல்லா ஊரிலும் அந்த வசதி கிடையாது.

மருத்துவமனைக்கு வரும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு அள்ளிக்கொண்டு வாருங்கள். ‘ஏதோ வெள்ளை மாத்திரை’ என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆபரேஷன் முடிந்ததும் நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பவருக்கு ஒரு தேதி, செயற்கை வால்வு இருப்பவருக்கு வேறொரு தேதி. இதய மருத்துவரும் நாங்களும் பேசித்தான் அதைக் குறிப்போம். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

நன்றி, வணக்கம்.