380 ரூபாய் டேப்பும் நெல் மூட்டை டிராக்டரும்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிகிற பாலக்கட்டை ஞாபகம் இருக்கிறதா? குறுவை நடவு வீடியோவை இங்கே உட்கார்ந்துதான் எடுத்தோம். இப்போது அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது உந்தம் பற்றி. பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடத்திலேயே வருமே, நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது, அதுதான்.

அண்ணன் மகன் காலாண்டுத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். 1000 கிலோகிராம் கார், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம், உந்தம் எவ்வளவு? 72,000 என்று எழுதியிருக்கிறான். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். விடை 20,000 கிகி மீ/வி. அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவன் படித்த நோட்ஸில் சூத்திரத்தை மட்டும் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். 3.6-ஆல் ஏன் வகுக்கிறோம் என்று ஒரு வரி கிடையாது. கிலோமீட்டருக்கு 1000 மீட்டர், மணிக்கு 3600 வினாடி, அவ்வளவுதானே! இதைச் சொல்லாமல் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு அறவே பிடிக்காது.

அப்புறம் அவன் இன்னொன்று சொன்னான். "பைக்தானே அத்தை வேகமாகப் போகுது? அதுக்குத்தான் உந்தம் அதிகம்." சரி வாடா, ரோட்டிலேயே பார்த்துவிடுவோம் என்று கூட்டி வந்துவிட்டேன்.

இருங்கள், முதலில் டேப்பைக் காட்டுகிறேன். 30 மீட்டர் டேப், கும்பகோணத்தில் வாங்கினேன். முதல் கடையில் 520 ரூபாய் சொன்னார்கள். ஒரு பேச்சும் பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். இரண்டு கடை தள்ளி அதே டேப், அதே மஞ்சள் உறை, 380! சுளையாக 140 ரூபாய் மிச்சம். என் வீடியோ பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் விசாரிக்காமல் ஒரு கரண்டிகூட வாங்க மாட்டேன். ஆனால் இங்கே வந்து விரித்தால் 22 மீட்டரில் சிக்கிக்கொண்டது. கைப்பிடிக்குள் மணல். வீட்டுக்கு ஓடிப்போய்த் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். இப்போது பாருங்கள், வழுக்கிக்கொண்டு வருகிறது.

முதலில் 30 மீட்டர், அங்கே ஒரு குறி, மேலே 20. ஆக 50 மீட்டர். இரண்டு முனையிலும் ரோட்டு ஓரமாகக் கோலமாவில் கோடு போட்டேன், முதல் பஸ் போன காற்றிலேயே பறந்துவிட்டது. சுண்ணாம்பு கரைத்து ஊற்றிய பிறகுதான் நின்றது. முதல் கோட்டை வண்டி தொட்டதும் அவன் சிவப்புத் துண்டை வீசுவான். இரண்டாவது கோட்டில் நான் போனில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பேன். இரண்டு பேரும் தார் ரோட்டை விட்டு இறங்கித்தான் நின்றோம், யார் செய்தாலும் அப்படியே செய்யுங்கள்.

ஒரு பைக் 3 வினாடியில் கடந்தது. வினாடிக்கு 16.67 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர். மூட்டை ஏற்றிய டிராக்டர் 12.5 வினாடி எடுத்துக்கொண்டது. வினாடிக்கு 4 மீட்டர், மணிக்கு 14.4 கிலோமீட்டர்தான். நாய்கூட முந்திவிடும்.

நிறையைச் சொல்லாமல் போகிறேனே. எங்கள் பைக்கின் ஆர்சியில் 110 கிலோ போட்டிருக்கிறது. அதே மாதிரி வண்டிதான், ஓட்டுகிறவருக்கு 70 சேர்த்து 180 என்று வைத்துக்கொண்டோம். டிராக்டர் சுமார் 2000, டிரெய்லர் 1500 என்று டிரைவர் அண்ணன் சொன்னார். மூட்டை 40 கிலோ, 100 மூட்டை, அது 4000. மொத்தம் 7500 கிலோ. இப்போது பெருக்குங்கள். பைக் 3000 கிகி மீ/வி. டிராக்டர் 30,000! ஊர்ந்து போகிற வண்டிக்குப் பத்து மடங்கு. அந்த பைக் டிராக்டரை எட்ட வேண்டுமென்றால் மணிக்கு 600 கிலோமீட்டரில் போக வேண்டும். பையன் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

உந்தம் ஒரு வினாடிக்கு எவ்வளவு மாறுகிறதோ அதுதான் விசை. அந்த டிராக்டரை 5 வினாடியில் நிறுத்த 30,000-ஐ 5-ஆல் வகுங்கள், சராசரியாக 6000 நியூட்டன் விசை தேவை. அதே வேகத்தில் மூட்டை இல்லாமல் வந்தால் 2800 போதும். பாரம் ஏற்றிய வண்டிக்கு முன்னால் குறுக்கே புகுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குவது இதனால்தான்.

போன் 3.04, 12.47 என்றெல்லாம் காட்டும், அதை அப்படியே நம்பாதீர்கள். விரல் 0.2 வினாடி பிந்தினால் பைக்கின் வேகம் 60-லிருந்து 56 ஆகிவிடும். டிராக்டருக்கு அவ்வளவு அடி விழாது, நேரம் அதிகம் இல்லையா? வேகமான வண்டிக்கு 100 மீட்டர் எடுத்துக்கொண்டால் நல்லது.

அடடா, திசையை விட்டுவிட்டேனே! வேகம் வேறு, திசைவேகம் வேறு. ஒரு பக்கம் போவதை நேர்க்குறி என்று வைத்தால் எதிரே வருவது எதிர்க்குறி. இதை அவனிடம் காலையில் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

சாயங்காலம் அதே டிராக்டர் மூட்டையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பியது. 8 வினாடி, வினாடிக்கு 6.25 மீட்டர். "வேகமா வருது, ஆனா உந்தம் குறைஞ்சிருக்கும் அத்தை, மூட்டை இல்லையே" என்றான். பாலக்கட்டையில் உட்கார்ந்து 3500-ஐ 6.25-ஆல் பெருக்கி 21,875 எழுதினான். எழுதிவிட்டு, நான் வாயே திறக்கவில்லை, முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டான்.