பாசம் இருக்கட்டும், பங்கையும் பிரியுங்கள்

நடுவர் அவர்களுக்கும், பாம்பன் கடற்கரை மணலில் இந்தக் காற்றையும் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

வீட்டோடு தங்கிப் பிள்ளை வளர்ப்பவருக்கு ஒரு குடும்பம் காட்டும் உயர்ந்த நன்றி எது? உறவாகக் கொண்டாடுவதா, உரிமையை எழுதிக் கொடுப்பதா? இதுதான் தலைப்பு. உரிமையை எழுதிக் கொடுப்பதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்பு பேசிய எதிரணித் தலைவர், "தாய்மடிக்கு ரசீது உண்டா? பாசத்துக்கு மணிக்கணக்கு உண்டா?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நடுவர் அவர்களே, நான் கைதட்டவில்லை. அந்தக் கேள்விக்குப் பதினான்கு ஆண்டுகள் விலை கொடுத்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

அவள் என் சித்தி. தங்கச்சிமடத்துக்காரி. கடலுக்குப் போன சித்தப்பா திரும்பி வரவில்லை. நான்கு வயது மகளை என் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, மதுரையில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனாள். அந்த வீட்டில் ஆறு வயதுப் பெண் ஒன்று, இரண்டு மாதக் கைக்குழந்தை ஒன்று. கைக்குழந்தை இரவில் அழுதால் முதலில் விழிப்பவள் சித்தி. மூத்தவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் படுத்தவள் சித்தி. அந்த வீட்டார் கெட்டவர்கள் இல்லை. அதை இந்த மேடையில் சொல்லியே ஆக வேண்டும். அவளை அன்பாக நடத்தினார்கள். வந்தவர்களிடமெல்லாம், "இவள் எங்கள் வீட்டுப் பெண்" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

வீட்டுப் பெண் என்பதால் சம்பளத்துக்குத் தேதி இல்லை. கேட்டபோது கொடுத்தார்கள், அவளுக்கோ கேட்கக் கூச்சம். வீட்டுப் பெண் என்பதால் விடுமுறை இல்லை. தன் வீட்டிலிருந்து யாராவது விடுமுறை எடுப்பார்களா? ஆண்டுக்கு இரண்டு முறை ஊருக்கு வருவாள். வந்த மறுநாளே, "தம்பி உங்களைத் தேடி அழுகிறான்" என்று போன் வரும். பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். அப்போது எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுத பிள்ளை ஒன்று உண்டு. அந்த அழுகையைக் கணக்கில் சேர்க்க யாரும் இல்லை.

பதினான்கு ஆண்டு முடிந்து அவள் கிளம்பியபோது எல்லோரும் அழுதார்கள். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். பின்னாளில் மூத்த பெண்ணின் திருமணத்துக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மணமகள் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் காலில் விழுந்தாள். அந்தப் படம் சித்தி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. சித்திக்கு அதில் எவ்வளவு மகிழ்ச்சி என்பது எனக்குத் தெரியும். அதை ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இன்றும் கூலிக்குக் கருவாடு தரம் பிரிக்கிறாள். சேமிப்பு என்று ஒரு ரூபாய் கிடையாது.

இனி நம் கடலுக்கு வருகிறேன். விசைப்படகில் போகிறவர்கள் ஒரே சட்டியில் பொங்கியதை ஒன்றாக உட்கார்ந்து உண்கிறார்கள். படகு முதலாளியான சம்மாட்டியை அண்ணன் என்கிறார்கள், மாமா என்கிறார்கள். பாதிப் பேர் உண்மையிலேயே மாமன் மச்சான்தான். ஒருவன் தவறி விழுந்தால் மற்றவன் யோசிக்காமல் குதிப்பான். இதைவிடப் பெரிய பாசம் எங்கே இருக்கிறது? கரைக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? மீனை விற்று, டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன செலவைக் கழித்து, மீதியைப் பங்கு பிரிக்கிறோம். எந்தச் சம்மாட்டியாவது, "நீ என் தம்பி மாதிரி, உனக்கு எதற்குப் பங்கு?" என்று கேட்டதுண்டா? கேட்டால் மறுநாள் அந்தப் படகில் யார் ஏறுவார்? அப்பன் போன படகில் மகனும் ஏறுகிறான் என்றால் பங்கு ஒழுங்காகப் பிரிந்திருக்கிறது என்று பொருள்.

கடலுக்கே நாம் ஓய்வு விடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன் இனம் பெருகுவதற்காக இத்தனை நாளைக் கணக்குப் போட்டு விடுகிற ஊரில், பிள்ளை வளர்ப்பவளுக்கு வாரத்தில் ஒரு நாள் கேட்டால் அது பாசக்குறைவா?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார், வளர்ப்புத்தாயான செவிலித்தாயைத் துணைக்கு அழைத்தார். சங்க அகப்பாடல்களில், பெற்றவளான நற்றாய்க்கு நிகராக வருபவள் செவிலி, அது உண்மை. காதலனோடு உடன்போக்கில் போன மகளைத் தேடிப் பாலை வழியே நடப்பவள் அவள்தான். மணமான பின் மகள் குடித்தனத்தைக் கண்டுவந்து நற்றாயிடம் மனம் நிறையச் சொல்பவளும் அவள்தான். ஆனால் அம்மா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். நம் மரபு செவிலிக்குக் கூற்றைக் கொடுத்தது. தன் வாயால் தன் மனத்தைப் பேசும் உரிமை அது. என் சித்தி பதினான்கு ஆண்டுகளில் அந்த வீட்டில் தனக்காக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

அன்று வாசலில் நின்று அழுத பிள்ளையின் கதைக்கு வருகிறேன். சித்தி மகள், என் தங்கை, படித்து முடித்து ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு, ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு 'ஓ பேர்' ஆகப் போனாள். அது பிரெஞ்சுச் சொல். 'சமமாக' என்பது பொருள். இளையவர்கள் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டு மொழியைப் படிக்கிற ஏற்பாடு. அம்மா செய்த அதே வேலைக்கா மகளும் போகிறாள் என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. சித்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மகள் கையில் ஓர் ஒப்பந்தத்தாள் இருந்தது. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம். தனி அறை. காப்பீட்டுச் செலவு அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. எதிரணியினர் இங்கே ஒரு கேள்வி வைத்திருப்பார்கள்: அந்த நாட்டிலும் அவளை வேலையாள் என்று சொல்லாமல் குடும்பத்தில் ஒருத்தி என்றுதானே சொல்கிறார்கள்? ஆம், அப்படித்தான் சொல்கிறார்கள். குடும்பம் என்று சொன்ன பிறகும் மணிக்கணக்கை எழுதினார்கள். என் வாதமே அதுதான்.

ஐரோப்பிய நாடுகள் 1969 நவம்பர் 24 அன்று ஸ்டிராஸ்பூர்க் நகரில் ஓ பேர் பற்றி உடன்படிக்கை செய்தபோதே, பொதுவாக நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரம் ஒரு முழு ஓய்வு நாள் என்று எழுதினார்கள். அங்கேயும் கண்ணீர் உண்டு. எழுதியதை மீறுகிற வீடுகளும் உண்டு. ஆனால் மீறிவிட்டீர்கள் என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு கோடு இருக்கிறது. சித்திக்கு அந்தக் கோடு இல்லை. வீட்டு வேலை செய்வோருக்காக உலகத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வாரம் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு என்கிறது அது. இந்தியா இன்னும் அதில் உறுதிக் கையெழுத்து இடவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லும் எத்தனை குடும்பங்கள் அவளை அழைத்துப்போய் அதில் பதிவு செய்திருக்கின்றன?

சரி, கணக்கு எழுதிய அந்த ஜெர்மன் வீட்டில் பாசம் வற்றிப்போனதா? தங்கை போய் இறங்கிய அன்றே, வாசலில் இருந்த தபால் பெட்டியில் குடும்பப் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் ஒட்டி வைத்திருந்தார்கள். ஐந்து வயதுப் பையன் அவளிடம் தாலாட்டுக் கேட்காமல் தூங்கமாட்டான். இங்கிருந்து அவள் கொண்டுபோன பனங்கருப்பட்டியை அவன் சட்டைப்பையில் ஒளித்துவைத்துத் தின்பான். மொழித் தேர்வுக்கு அவள் படித்த வாரங்களில் அந்த வீட்டுத் தாய் தானே முன்வந்து இரவுப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஓராண்டு முடிந்தபோது, அவள் என்னென்ன செய்தாள், பிள்ளைகள் அவளால் எப்படி வளர்ந்தார்கள் என்று நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவள் அடுத்த வேலை தேடலாம். நம் இராமநாதபுரத்தில் ஊருணி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரை இருந்தால்தான் தண்ணீர் நிற்கும்.

அவள் அங்கே போன முதல் ஞாயிற்றுக்கிழமை சித்திக்கு போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். "அம்மா, இன்று எனக்கு விடுமுறை. பையன் கதவைத் தட்டினான். இன்று அக்காவுக்கு ஓய்வு என்று சொல்லி அவன் அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாள் முழுவதும் என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்றாள்.

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தூங்கு பிள்ளை. நன்றாகத் தூங்கு" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கருவாட்டுக்குத் திரும்பினாள். அன்று மாலை வரை, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நிறுத்தி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவாம்."

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்களுடையது. அமர்கிறேன்.