சைக்கிள் களவு போன கடிதம்

(தேசிய வாசிப்பு மாதத்தையொட்டி, தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பெற்றோர், ஆசிரியர் முன் பேசியது)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, அதிபர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் தோட்ட முகாமையாளர் அவர்களே, பிரதேச சபை உறுப்பினர் தம்பி அவர்களே (தம்பி என்று சொல்லலாம், தரம் 6இல் என்னிடம்தான் படித்தார்), கோயில் தலைவர் அவர்களே, அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம் தந்தாலும் பரவாயில்லை என்று மலையை விட்டு இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள். இந்தக் குளிருக்கு நல்லது, கழற்ற மாட்டேன்.

ஒரு பந்தியின் மையக்கருத்தையும் துணைக்கருத்துகளையும் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்ல எண்ணம். ஒன்று, பந்தி எதைப் பற்றியது என்பது வேறு, அது என்ன சொல்கிறது என்பது வேறு. இரண்டு, துணைக்கருத்தைச் சோதித்துப் பார்க்கும் வழி. மூன்று, சுருக்கம் எழுதுவது. பின்வரிசையில் என் பழைய மாணவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். ஆமாம், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசிக் காம்பராவில் ஒரு அம்மாயி இருந்தார். மகனுக்குப் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. அவன் கடிதம் போட்டால் வாசித்துக்காட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். எழுத்துக்கூட்டாமல் தடதடவென்று வாசிப்பவன் லயத்திலேயே நான் ஒருவன்தான். வாசித்தால் ஒரு ரொட்டி கிடைக்கும், அது வேறு கதை.

ஒரு நாள் நான்கு பக்கத்துக்குக் கடிதம் வந்தது. நலம், நலமறிய ஆவல். கொழும்பில் மழை. கடைக்குள்ளே முழங்கால் அளவு தண்ணீர். முதலாளியின் சைக்கிளை யாரோ களவெடுத்துவிட்டார்கள். புதுச் சைக்கிள், மணி வைத்தது, பின்னால் கரியர் வைத்தது என்று அதற்கே முக்கால் பக்கம். கடைசியில் இரண்டு வரி: “மாமா வீட்டில் பெண் கேட்க வேண்டாம். தீபாவளிக்கு இரண்டு பேராக வருகிறோம்.”

ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்து முடித்தேன். அம்மாயி கேட்டார்: “அதெல்லாம் சரிடா தம்பி, என்னதான் சொல்றான்?”

நான் சொன்னேன்: “முதலாளி சைக்கிள் களவு போயிருச்சாம் அம்மாயி.”

அவ்வளவுதான். லயம் முழுக்க அந்தச் சைக்கிளுக்காகக் கவலைப்பட்டது. அது கிடைக்க வேண்டும் என்று அம்மாயி எங்கள் காவல் தெய்வம் ரோதைமுனிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார். ‘இரண்டு பேர்’ என்றால் யார்? பாவம், சைக்கிளைப் பறிகொடுத்த முதலாளியையும் ஆறுதலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து கதிரை ஒன்று இரவல் வந்தது. காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினான் மகன். பின்னால் ஒரு பெண், கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு. அம்மாயி வாசலுக்கு வந்து, அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “முதலாளி எங்கடா?”

கதிரையில் மருமகள்தான் உட்கார்ந்தார்.

நான் வாசித்ததில் பிழை இல்லை. ரகரமா றகரமா என்று ஒரு தடுமாற்றம் இல்லை. இன்றைக்குப் பரீட்சை வைத்தாலும் வாசிப்புக்கு முழுப் புள்ளி வாங்கியிருப்பேன். ஆனால் அந்த வாசிப்புதான் ஏட்டுச் சுரைக்காய். நீளமாக எழுதியிருப்பதுதான் முக்கியம் என்று நினைத்தேன். நம் பிள்ளைகள் கிரகித்தலில் புள்ளியை விடுவதும் இதே இடத்தில்தான்.

சரி, வகுப்புக்கு வருவோம். மையக்கருத்தென்றால் நான் ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்று உவமை சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். கேட்டுக் கேட்டு அம்மாமாருக்கு அலுத்திருக்கும். நான் கவ்வாத்தைச் சொல்கிறேன். ஒரு பந்தி இப்படி இருக்கிறது: ‘தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கைக்கு எட்டாது. சில வருடங்களுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டினால் புதுக் கிளை விடும், கொழுந்து பெருகும். வெட்டும் கத்தி கூராக இருக்க வேண்டும்.’ இது எதைப் பற்றியது என்று கேட்டால் ‘கவ்வாத்து’ என்று பிள்ளை சொல்லும். பாதிப் பேர் அத்தோடு நிறுத்திவிடுகிறோம். அது பொருள் மட்டும்தான். ‘கவ்வாத்தைப் பற்றி என்ன சொல்கிறது?’ என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். ‘செடி தொடர்ந்து கொழுந்து தரக் கவ்வாத்து வேண்டும்’ என்று பிள்ளை தன் வாயால் ஒரு முழு வசனம் சொன்னால்தான் மையக்கருத்து கைக்கு வந்தது. பந்தியில் அந்த வசனம் அப்படியே இல்லை, பார்த்தீர்களா? முதல் வரியைப் பார்த்து எழுது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் விரலால் ஒவ்வொரு வசனமாக மறைக்கச் சொல்லுங்கள். கத்தியை மறைத்தால் பந்தி நிற்கும். புதுக் கிளையை மறைத்தால் ஆடும். அந்த ஆட்டம் தெரிந்துவிட்டால் துணைக்கருத்திலும் எது கனமானது என்று தெரியும். இதற்குக் கணினி வேண்டாம், ஸ்மார்ட் போர்ட் வேண்டாம். விரல் போதும்.

ஆனால் விரலை வைக்க ஒரு தாள் வேண்டுமே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். எங்கள் தோட்டத்தில் ஏடே இல்லை, சுரைக்காய்க்கு எங்கே போவது? பாடப்புத்தகம் தவிர வேறொன்றும் வாசிக்காத பிள்ளைக்கு மையக்கருத்தை எதில் தேடப் பழக்குவது? 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் தொடங்கிய கோ. நடேசய்யர், துரைமார் காலத்திலேயே துண்டுப்பிரசுரம் அச்சடித்து நமக்குக் கொடுத்தார். எழுத்து எட்டாதவர்களுக்கு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாடிக்காட்டினார். இன்றைக்கு நமக்கு ஒரு வாசிகசாலைக்கு வழியில்லையா?

பிரதேச சபையில் கேட்டால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டினார்கள். தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்றார்கள். சரி என்று இருந்தோம். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தம்பி, அந்தத் திருத்தத்தின் மையக்கருத்து என்ன? ‘இனிச் செலவழிக்கலாம்’ என்பதுதானே? முகாமையாளரின் சம்மதம், கடிதம், கூட்ட அறிக்கை எல்லாம் துணைக்கருத்து.

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்சென்ற பழைய பிள்ளை மடுவம் பூட்டிக் கிடக்கிறது. தகரம் நல்ல தகரம். ஒரு மூலையில்தான் ஒழுகுகிறது, போன மழையில் நானே போய்ப் பார்த்தேன்.

மணி அடித்துவிட்டார்கள். சுருக்கம் எழுதுவதைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். முகாமையாளர் ஐயா, மடுவத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேநீர் குடிக்கும்போது சொல்லிவிடுங்கள். என் வீட்டில் இரண்டு மேசையும் ஒரு அலுமாரியும் சும்மாதான் கிடக்கின்றன. லொறிக்குத் தம்பி பொறுப்பு. வணக்கம்.