நுங்கு வண்டி உருண்ட ஏரிக்கரை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, கூடத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட பள்ளித் தாளாளர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, அங்கன்வாடிச் சகோதரிகளே, மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நான் அவரிடம் படித்தவன். ஒடிந்த சுண்ணக்கட்டித் துண்டுகளை அவர் குப்பையில் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைத்து, தரையில் படம் வரைந்து பழகச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுப்பார். ஏன் ஐயா என்று கேட்டால், "சிறு துரும்பும் பல் குத்த உதவும்டா" என்பார். அந்தப் பழமொழியை அவர் முன்னாலேயே இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்தருள வேண்டும். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. அதைச் சுற்றியிருந்த பளபளப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், பேரனுக்குக் காற்றாடி செய்ய ஆகும்.

சின்னஞ்சிறு பிள்ளையோடு கூட உட்கார்ந்து பொம்மை செய்வதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். எவற்றைச் செய்யலாம், செய்வதால் பிள்ளைக்கு என்ன சேர்கிறது, செய்கையில் என்ன கவனம் வேண்டும் என்று மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இது ஏதோ ஏழை வீட்டு ஏற்பாடு என்று யாரும் எண்ண வேண்டாம். தெய்வத்தையும் தலைவனையும் குழந்தையாக வைத்துப் பாடும் ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்றும் சிற்றில் என்னும் மணல்வீடு, சிறுபறை, சிறுதேர் என்பவையே. முருகனையே பாடினாலும் அவன் கையில் ஒரு சின்னப் பறையைக் கொடுத்து, ஒரு சின்னத் தேரை உருட்டவிட்டுத்தான் நம் புலவர்கள் பாட்டை முடித்தார்கள்.

நம் குடியாத்தம் தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர். குச்சி தீர்ந்த பெட்டியை என்ன செய்கிறோம்? இரண்டு உள்தட்டுகளை எடுத்து, நடுவில் ஊசியால் துளையிட்டு, நூலைக் கோத்து, உட்புறம் ஒரு ஈர்க்குத் துண்டில் முடிந்துவிட்டால் தொலைபேசி ஆயிற்று. நூல் தொய்ந்தால் பேச்சுக் கேட்காது, விறைப்பாக இழுத்துப் பிடித்தால்தான் கேட்கும். குரலின் அதிர்வு நூல்வழியே போகிறது என்பதை நான்கு வயதுப் பிள்ளை தானே இழுத்தும் தளர்த்தியும் கண்டுபிடித்துவிடும், நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பி. சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

இப்போது என் பேரன் கதையைச் சொல்லியாக வேண்டும். சென்ற சித்திரையில் பெங்களூரிலிருந்து வந்தான், நான்கு வயது. அவன் அப்பா வாங்கித் தந்த பேட்டரி கார் மூன்றாம் நாள் நின்றுபோயிற்று. திருகாணியைக் கழற்றினேன், பேட்டரியை மாற்றினேன், ஊதினேன், தட்டினேன். அது அசையவில்லை, பேரன் அழுகை கூரையைத் தொட்டது. "எந்நேரம் அதையே நோண்டுவீங்க, போய் நுங்கு வாங்கியாங்க" என்று வீட்டிலிருந்து அவன் பாட்டி குரல் கொடுத்தாள். வாங்கிவந்து, அரிவாளால் தலையைச் சீவி, மூன்று கண்ணையும் அவன் கட்டைவிரலை விட்டே தோண்டித் தின்னவைத்தேன், சட்டையெல்லாம் நீர். தின்று முடித்த காய்களில் இரண்டைப் பொறுக்கி, நடுவில் துளைத்து, ஒரு முழ மூங்கில் குச்சியின் இரு முனையிலும் செருகினேன். பிறகு ஒரு கவட்டைக் குச்சி. வேப்பமரத்தில் தேடினோம், புங்கமரத்தில் தேடினோம், ஒன்று குட்டை, ஒன்று கோணல். அடுத்த வீட்டுக்காரர் மாமரத்தை நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு அவரே வெளியே வந்துவிட்டார். ஒருவழியாகக் கவட்டையை அச்சின்மேல் வைத்து அழுத்தித் தள்ளினான். நான் இட்ட துளை ஒன்று நடுவில் இல்லை. வண்டி ஏறி ஏறி இறங்கியது.

"தாத்தா, வண்டி நொண்டுது!"

எனக்கு வெட்கமாகப் போயிற்று, வேறு காய் எடுத்தேன். அவன் விடவில்லை. நொண்டி வண்டிதான் வேண்டுமாம். அன்று மாலைவரை தெருவில் அவனும் நொண்டிக்கொண்டே அதைத் தள்ளினான். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள், எல்லோரும் நொண்டி. பேட்டரி கார் இன்னும் அலமாரிமேல் கிடக்கிறது.

மறுநாள் இன்னொரு வண்டிக்குக் காய் கேட்டான். நான் சிறுவனாக இருந்தபோது வண்டி உருட்டிய ஏரிக்கரைக்கே அழைத்துப் போனேன். கரை முழுக்க வரிசையாக நின்ற பனைகளில் நான்கே மிஞ்சியிருந்தன, நான்கும் ஆண்பனை. ஆண்பனை காய்க்காது என்று அவனுக்குச் சொன்னேன். மற்றவை எங்கே என்று கேட்டபோது, செங்கல் சூளைக்குப் போய்விட்டன என்று சொல்ல நேர்ந்தது. பனை நம் மாநில மரம். ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். ஆனால் கரையில் இரவோடு இரவாக ரம்பம் ஓடினால் கேட்பார் யார்? காய்ப்புக்கு வரவே பத்து, பதினைந்து ஆண்டுக்குமேல் எடுக்கும் மரம் அது. ஓலையில் இரண்டு கீற்றைக் குறுக்கே மடித்து முள்ளில் குத்தினால் காற்றாடி, ஓலையை முடைந்து உள்ளே கல்லிட்டால் கிலுகிலுப்பை, காயில் வண்டி. இப்படிப் பிள்ளைக்கு விளையாட்டுக் கடையே வைத்திருந்த மரத்தை வெட்டிவிட்டு, பொம்மை செய்வது எப்படி என்று நாம் கூட்டம் போடுகிறோம். நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் இருப்பதால் கேட்டுவிடுகிறேன்: நம் பகுதி ஏரிக்கரைப் பனைகளை எண்ணி, எண்ணிட்டு, ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வர்ணமும் தூரிகையும் நான் தருகிறேன்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டாம் செய்தி இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும். மூன்றாவதில் ஒன்றை மட்டும் அவசியம் சொல்ல வேண்டும்: கிலுகிலுப்பைக்குள் அழகுக்காகக் குன்றிமணியைப் போடாதீர்கள், அது கடும் நஞ்சு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் வாய்க்குள் போகிற அளவில் புளியங்கொட்டையும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். அரிவாளும் ஊசியும் உங்கள் கையில், கோப்பதும் உருட்டுவதும் பிள்ளை கையில்.

வாசலில் ஒரு சாக்குப்பை வைத்திருக்கிறேன். உள்ளே பனங்கொட்டைகள், இந்த ஆவணியில் விழுந்த பழத்தில் எடுத்தவை. தாளாளர் ஐயா பள்ளி மதிலோரம் இடம் காட்டியிருக்கிறார். ஒரு சாண் ஆழம் போதும். முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும், ஆதலால் சில மாதம் மேலே ஒன்றும் தெரியாவிட்டால் தோண்டிப் பார்த்துவிடாதீர்கள். தலைவர் ஐயாவும் அம்மையாரும் முதல் இரண்டு கொட்டைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். மண்வெட்டி காவலாளியிடம் இருக்கிறது.