15 நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை

வணக்கம். ஒரு நிமிடம், போன் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். வேலூரில் காற்று என்பதே கிடையாது, நான் வீடியோ எடுக்க மாடிக்கு வரும்போது மட்டும் எங்கிருந்தோ வந்து போனைத் தள்ளிவிடும். சரி, நிற்கிறது. மணி ஐந்தே முக்கால். வெயில் ஏறுவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

ஆறேழு மாதமாக வீடியோ எதுவும் போடவில்லை. ‘அக்கா, இலவம்பாடி முள்ளுக் கத்திரி என்ன ஆயிற்று’ என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டீர்கள். செடி இதோ, பின்னால் இருக்கிறது. அசுவினிப் பூச்சி வந்து பாதி இலை சுருண்டுவிட்டது, அதை அடுத்த வாரம் பார்ப்போம். இன்றைக்குச் செடியைப் பற்றிப் பேசவில்லை. மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இதைப் பாருங்கள். குங்குமச் சிமிழ். என் நாத்தனார் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்தது. இதில் குங்குமம் வைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. எப்போதும் இரண்டு மாத்திரை இருக்கும். பஸ்ஸில் ஏறியதும் பையில் கையை விட்டுச் சிமிழைத் தொட்டுப் பார்ப்பேன். திறக்க மாட்டேன், இருக்கிறதா என்று தொட்டால் போதும். ஒரு நாள் ரத்தினகிரி தாண்டிய பிறகு தொட்டேன், சிமிழ் இல்லை. அங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அரை நாள் சம்பளம் போயிற்று. மாத்திரை போடுகிற நேரம்கூட இல்லை அது. இரவில் போடுகிற மாத்திரைக்குக் காலையில் திரும்பி வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கே சந்தேகம் வந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். வருகிற மே வந்தால் மூன்று வருடம். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. நான் ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன், உங்களுக்குத் தெரியும். ஆற்காடு தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே தண்ணீர் இல்லை, வெறும் மணலும் முள்ளும். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தொண்டை அடைத்தது, விரல் நுனி மரத்துப்போயிற்று. செத்துவிடப் போகிறேன் என்று அவ்வளவு நிச்சயமாகத் தோன்றியது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கூடையில் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை என் முகத்தில் அடித்தார்கள். மல்லிகை வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தப் பாலம்தான் ஞாபகம் வருகிறது.

ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். பத்து நாளில் இன்னும் இரண்டு முறை வந்தது. அப்புறம்தான் ஒரு டாக்டர் இது பதற்ற நோய் என்று சொல்லி இரண்டு மாத்திரை எழுதினார். காலையில் எஸ்சிட்டலோபிராம். இரவில் குளோனசிபாம், 0.5 மில்லிகிராம். 15 நாள் கழித்து வாருங்கள் என்றார்.

நான் போகவில்லை.

டாக்டரைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடலாம், சுலபம். அவர் வரச் சொன்னார், போகாதது நான். அரை நாள் விடுப்பு, டோக்கன் வாங்கிக் காத்திருப்பது, அங்கே தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது, எல்லாம் சேர்ந்து போகவில்லை. ஆனால் அவர்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஏன் 15 நாள் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த அரை நிமிடத்தை இப்போது நான் சொல்கிறேன், கேளுங்கள். காலையில் போடுகிற மாத்திரைதான் நோய்க்கான மருந்து. அது மெதுவாக வேலை செய்யும். பலன் தெரியவே சில வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் வரலாம், சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யும். அதுவரை ஆள் தாங்க வேண்டுமே, அதற்காகத்தான் இரவு மாத்திரை. அது அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே படபடப்பை அடக்கிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. பெரிய மருந்து கைகொடுக்கும்வரை ஒதுங்கி நிற்க ஒரு திண்ணை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காலை மாத்திரை குமட்டுகிறது, ஒரு பலனும் தெரியவில்லை என்று மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டேன். இரவு மாத்திரை அருமையாக வேலை செய்கிறது என்று அதை வைத்துக்கொண்டேன். நிறுத்த வேண்டியதைத் தொடர்ந்தேன், தொடர வேண்டியதை நிறுத்தினேன். மழைக்கு ஒதுங்கின திண்ணையில் இரண்டு வருடம் இரண்டு மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். மருந்துக்கடைதான். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு முறை சீட்டைக் காட்டினேன். மூன்றாவது மாதத்திலிருந்து நான் வண்டியை நிறுத்தும்போதே கடைத்தம்பி அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிடுவான். ‘வழக்கமானதுதானே அக்கா?’ அந்த அக்கறை அன்றைக்கு எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது! அட்டையின் பின்னால் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இரண்டு வருடம் அந்தக் கட்டத்தின் மேலேயே கட்டைவிரலை வைத்து மாத்திரையைப் பிதுக்கியிருக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மாமியாருக்குத் தூக்கம் வரவில்லை என்று ஒரு நாள், ‘உன் மாத்திரையில் பாதி கொடேன்’ என்றார்கள். கொடுத்தேன். தலைவலி மாத்திரை கொடுப்பதுபோலக் கொடுத்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து குளியலறைக்குப் போனவர்கள் வாசற்படியில் தடுக்கி விழுந்துவிட்டார்கள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. முழங்கை வீங்கி ஒரு வாரம் சோற்றைப் பிசைந்து நான்தான் கொடுத்தேன். வயதானவர்களுக்கு இந்த மாத்திரை தள்ளாட்டம் கொடுக்கும், விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பிற்பாடு தெரிந்துகொண்டேன். அத்தை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

போன ஆடியில் என்ன நடந்தது என்றால், போளூர் பக்கம் எங்கள் நைனா ஊரில் கூழ் வார்த்தல். சிமிழை மறந்துவிட்டேன். சரி, நல்லதாகப் போயிற்று, இத்தோடு விட்டுவிடலாம் என்று வீம்பு. முதல் இரவு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது நாளும் பரவாயில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். குளோனசிபாம் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், பாதி அளவு குறையவே ஏறக்குறைய 30, 40 மணி நேரம் ஆகும். அது எனக்குத் தெரியாது. மூன்றாவது இரவு பம்பைச் சத்தம் கேட்டபோது காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் இருந்தது. கூழ்ச் சொம்பைப் பிடித்த கை நடுங்கி, புடவை எல்லாம் கூழ். பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு அம்மன் இறங்கிவிட்டாள் என்று கற்பூரத் தட்டை நீட்டிவிட்டார்கள்! சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள், இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுதேன். விடிய விடியத் தூக்கமில்லை, வியர்வை, பழைய நோய் பத்து மடங்காகத் திரும்பிவிட்டது என்று பயம்.

நோய் திரும்பவில்லை. மாத்திரை போனதால் வந்த கோளாறு அது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ‘பார், மாத்திரை இல்லாவிட்டால் நான் இப்படி ஆகிவிடுகிறேன்’ என்று மறுபடி ஆயுள் முழுக்கப் போட ஆரம்பித்துவிடுகிறோம்.

அப்புறம் ஒரு மனநல டாக்டரிடம் போனேன். அவர் முதலில் சொன்னது, ‘நல்ல வேளை, வலிப்பு வரவில்லை.’ எனக்குக் கால் வெலவெலத்துவிட்டது. பல மாதம், பல வருடம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாமாம். உயிருக்கே ஆபத்தாகலாமாம். ஆகவே இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது, அக்கா சொல்லிவிட்டார்கள் என்று இன்று இரவே அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தயவுசெய்து. காலை மாத்திரை வகையையும் அப்படி நிறுத்தக் கூடாது, தலைசுற்றலும் மின்சாரம் அடிப்பதுபோன்ற அதிர்வும் சிலருக்கு வரும். நான் மூன்றே வாரத்தில் நிறுத்தியதால் தப்பித்தேன் என்று நினைக்கிறேன்.

ஏன் உடம்பு இப்படிச் செய்கிறது என்று கேட்டேன். மூளையில் காபா என்று ஒரு பொருள் இருக்கிறது. காபி இல்லை, காபா. நானும் முதலில் காபி என்றுதான் காதில் வாங்கினேன். மூளையின் பிரேக் அது. இந்த மாத்திரை அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்திக் கொடுக்கிறது. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் மாத்திரையை எடுத்தால் வண்டிக்குப் பிரேக் இல்லை. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அங்கேயிருந்து இறங்கும்போது பிரேக் இல்லை என்றால் என்ன ஆகும்? ‘வளைந்து வளைந்துதான் இறங்க வேண்டும், நேராக இறங்க வழி கிடையாது’ என்றார் டாக்டர்.

நான் அவரிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே கேட்ட கேள்வி: ‘நான் அடிமையாகிவிட்டேனா?’ அவர் அந்த வார்த்தையை ஒத்துக்கொள்ளவில்லை. எழுதிக் கொடுத்த அளவைத் தாண்டவில்லை, போதைக்காகப் போடவில்லை, உடம்பு பழகிவிட்டது, அது வேறு என்றார். அந்த வித்தியாசம் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா. ஆனாலும் ரத்தினகிரியில் இறங்கித் திரும்பியதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

இந்த இரவு மாத்திரைக் குடும்பம் புதிதல்ல. 1960இல் முதல் மாத்திரை விற்பனைக்கு வந்தது, 1963இல் அதே குடும்பத்து டயஸிபாம். இரண்டையும் உருவாக்கியவர் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியல் அறிஞர். அதற்கு முன் இருந்த தூக்க மருந்துகளைவிட ஆபத்து குறைவு என்று உலகமே கொண்டாடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பழகிப்போகும், நிறுத்தினால் கோளாறு வரும் என்று இந்த வகை முழுவதற்கும் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது 2020இல். அறுபது வருடம்! நான் இரண்டு வருடம் படிக்காததைப் பெரிய குற்றமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஏழு மாதமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். காலை மாத்திரை மறுபடி ஆரம்பித்து, அது பிடித்துக்கொண்ட பிறகுதான் குறைக்கவே விட்டார். எனக்குக் கொடுத்தது நாக்கில் வைத்தால் கரையும் வகை. முதல் தடவை பூஜை அறைத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்து, பிளேடால் கால் பங்கு வெட்டப் பார்த்தேன். பிளேடு பட்டதும் பொரிமாவு மாதிரி உதிர்ந்துவிட்டது. விரலை ஈரமாக்கித் தூளை ஒற்றி ஒற்றி, இது கால், இது முக்கால் என்று பிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ‘தங்கம் நிறுக்கிறாயா?’ என்றார். டாக்டரிடம் சொன்னேன். நடுவில் கோடு போட்ட சாதா மாத்திரையாக, 0.25இல் மாற்றிக் கொடுத்தார். மருந்துக்கடையில் மாத்திரை வெட்டுகிற சின்னப் பெட்டி கிடைக்கிறது, அதை வாங்கினேன். சீட்டோடு, வேறு கடையில்.

எத்தனை நாளுக்கு எவ்வளவு குறைத்தேன் என்று சொல்லப் போவதில்லை. என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இரண்டு தடவை நடுவில் நின்றுவிட்டேன். ஒரு தடவை மகளுக்குப் பரீட்சை, ஒரு தடவை காரணமே இல்லை. நிற்கலாம் என்றார் டாக்டர், திரும்பி ஏறாமல் இருந்தால் போதுமாம். குடிப்பவர்கள், வலிக்கு வீரியமான மாத்திரை எடுப்பவர்கள் இரவு மாத்திரையோடு சேர்த்தால் மூச்சே அடங்கிவிடலாம், அவர்கள் டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது.

நம் ஊரில் ஒரு வேடிக்கை. காந்தி சாலையில் நடந்தால் கடைப் பலகை பாதி வங்காள மொழியில் இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வைத்தியம் பார்த்துப் போகிறார்கள். பாகாயத்தில் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது, நோயாளியோடு குடும்பமும் தங்கிக்கொள்கிற ஏற்பாட்டுக்குப் பேர்போன இடம். சத்துவாச்சாரியில் இருக்கிற எனக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரம். ஆனால் எங்கள் தெருவில் ‘பாகாயம்’ என்பது இன்னும் கேலிச் சொல். அந்தக் கேலிக்குப் பயந்துதானே நான் மருந்துக்கடைத் தம்பியையே டாக்டராக வைத்துக்கொண்டேன்? டாக்டரிடம் போக முடியாதவர்கள் 14416க்கு அழைத்துப் பேசலாம். டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், இரவு பகல் எப்போதும், தமிழிலேயே பேசலாம். ஒரு இரவு நானே அழைத்திருக்கிறேன்.

இதோ, இன்றைக்கு இரவுக்கானது. 0.25இல் பாதி. கேமராவில் தெரிகிறதா? உளுத்தம்பருப்பில் பாதிகூட இல்லை. இதையும் எப்போது விடுவேன் என்று தெரியவில்லை. போன புதன்கிழமை பாலாற்றுப் பாலத்தில் நெஞ்சு லேசாக அடித்துக்கொண்டது. கை பைக்குள் போயிற்று, சிமிழைத் தொட்டது. திறக்கவில்லை. கூட்டத்தில் பையன் ஒருவன் காலை மிதித்துவிட்டான், அவனைத் திட்டினதில் மீதியை மறந்துவிட்டேன்.

ஐயையோ, மோட்டாரை நிறுத்தவே இல்லை, தொட்டி வழிகிறது. கீழே அத்தை கத்துகிறார்கள். வருகிறேன் அத்தை!